கபடி வலிக்கும் இரவு ஷிப்ட் உறக்கத்துக்கும் டார்ட் செர்ரி வாங்கலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முறையில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் ஊர்க் கபடி அணிக்கு ஆடுபவர். போட்டி முடிந்தால் தொடை வலி மூன்று நாள்களுக்கு விடுவதில்லை என்றும், இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உறக்கம் பிடிப்பதில்லை என்றும் சொல்கிறார். ஜிம் பயிற்சியாளர் இரண்டுக்கும் ஒரே மருந்து என்று டார்ட் செர்ரி என்னும் புளிப்புச் செர்ரியின் கேப்சூல் புட்டியொன்றை 1,800 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். அது பலிக்குமா, சர்க்கரை நோயும் யூரிக் அமில மூட்டுவலியும் உள்ள அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகளாக விளையாட்டு வீரர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளித்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டார்ட் செர்ரிக்குச் சிறிய, ஆனால் மெய்யான பயன் உண்டு. அந்தப் பயன் அடுத்தடுத்துப் போட்டிகள் வரும் ஓரிரு நாள்களுக்கு உரியதேயன்றி, மாதம் முழுவதும் தினமொரு கேப்சூல் விழுங்குவதற்கு உரியதன்று. உங்கள் பகல் உறக்கத்தைக் கெடுப்பது எதுவோ, அதை இந்தப் பழத்தால் பெரிதாக மாற்ற முடியாது.

எந்தச் செர்ரியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும், ஏனெனில் நம் பக்கத்தில் செர்ரி என்ற பெயரில் புழங்குபவை பெரும்பாலும் செர்ரியே அல்ல. பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக வைக்கப்படுவது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய். சாலையோரத்தில் சிறுவர்கள் பறித்துத் தின்னும் தேன்பழத்தைச் சிங்கப்பூர் செர்ரி என்கிறோம். அதுவும் வேறு குடும்பத்து மரம். காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வரும் உண்மையான செர்ரி பெரும்பாலும் இனிப்பு வகையைச் சேர்ந்தது. ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்டிருப்பதோ ப்ரூனஸ் செராசஸ் என்னும் புளிப்பு இனத்தின் மான்ட்மொரன்சி ரகம். குளிர்காலத்தில் நீண்ட கடுங்குளிர் இல்லாவிட்டால் இந்த மரம் பூக்காது என்பதால் தளி, தேன்கனிக்கோட்டைக் குளிரெல்லாம் அதற்குப் போதாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம்தான் அந்நாட்டு விளைச்சலில் பெரும்பங்கைத் தருகிறது. பறித்தவுடன் கெட்டுவிடும் பழம், அப்படியே உண்ண முடியாத புளிப்பு. ஆகவே நம் மாவட்டத்து பெங்களூரா மாங்காய் கூழாலைக்குப் போவதைப் போல அதுவும் பெரும்பகுதி உறைய வைக்கப்பட்டோ சாறாகவோ கெட்டிச்சாறாகவோதான் சந்தைக்கு வருகிறது.

அப்படிப்பட்ட பழத்துக்கு ஒரு புதிய சந்தை தேவைப்பட்டதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். 2005 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, செர்ரிப் பொருள்கள் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்த 29 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதன் பிறகு வந்த விளையாட்டு ஆய்வுகள் சிலவற்றுக்குச் செர்ரி வணிகத்தைச் சார்ந்த நிதியும் கிடைத்திருக்கிறது. நிதி அங்கிருந்து வந்ததால் முடிவு பொய்யாகிவிடாது. ஆயினும் எண்களைச் சற்று உரசிப் பார்த்து ஏற்பதே நல்லது.

இனி வலிக்கு வருவோம். போட்டிக்கு மறுநாள் வரும் வலிக்குக் காரணம் லாக்டிக் அமிலம் தேங்குவது என்று இன்றும் பல மைதானங்களில் சொல்லப்படுகிறது. அந்த அமிலம் ஆட்டம் முடிந்த சுமார் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து விலகிவிடுகிறது. மறுநாள் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்தைத் தொடும் வலி, தசை நீண்டுகொண்டிருக்கும்போதே சுமையைத் தாங்க நேர்ந்ததால் அதன் நுண்ணிழைகளில் ஏற்பட்ட சிதைவாலும், அதைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சியாலும் வருவது. கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைமேல் ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கிய மறுநாள்தான் முன்தொடை பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது அந்தத் தசை ஒவ்வொரு படியிலும் நீண்டபடியே உடலைத் தடுத்து நிறுத்துவதுதான் காரணம். கபடியில் ரெய்டர் திடீரென்று நின்று பின்வாங்குவதும், பிடிப்பவர் குனிந்த நிலையில் இழுவையைத் தாங்குவதும் இதே வகை வேலைதான்.

செர்ரியின் கருஞ்சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் இந்த இரண்டாம் கட்ட அழற்சியையும் அதனுடன் வரும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் ஓரளவு மட்டுப்படுத்துகின்றன என்பதே அடிப்படைக் கருத்து. இதை முதலில் கவனத்துக்குக் கொண்டுவந்தது 2006-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு. 14 மாணவர்கள் நாளுக்கு இருவேளை, வேளைக்குச் சுமார் 350 மி.லி. செர்ரிச் சாறு கலந்த பானத்தை எட்டு நாள்கள் குடித்தார்கள். நான்காம் நாள் அவர்களுடைய முழங்கை மடக்கும் தசைகளுக்கு மேற்சொன்ன வகைச் சுமை கொடுக்கப்பட்டது. அடுத்த நான்கு நாள்களின் சராசரியாக, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, செர்ரி இல்லாத போலிப் பானம் குடித்தபோது 22 விழுக்காடு வலிமை குறைந்திருக்க, செர்ரி குடித்தபோது 4 விழுக்காடு மட்டுமே குறைந்தது. இந்த எண்தான் பெரும்பாலான விளம்பரங்களுக்கு மூலதனம். ஆனால் அது ஒற்றைத் தசையில், ஆய்வுக்கூடத்தில், 14 பேரிடம் கிடைத்த எண் என்பது அந்த விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

மைதானத்துக்கு வந்தபோது பயன் சுருங்கியது, அடியோடு மறைந்துவிடவில்லை. 2010-இல் வெளியான ஆய்வொன்றில் லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் செர்ரி குடித்தவர்களுக்குத் தசை வலிமை விரைவாகத் திரும்பியது, இரத்தத்தில் அழற்சிக் குறிகளும் குறைந்திருந்தன. ஆனால் வலியுணர்வில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நெடுந்தொலைவுத் தொடரோட்டத்தில் 54 பேரைக் கொண்டு செய்த ஆய்விலோ வலி தெளிவாகக் குறைந்தது. உங்கள் ஆட்டத்துக்கு இவற்றைவிட நெருக்கமானது 2016-இல் வெளியான ஆய்வு. அதில் 16 அரைத்தொழில்முறைக் கால்பந்து வீரர்கள், நின்று நின்று விரையும் ஓட்டத்தைச் செய்தபின் செர்ரி எடுத்தவர்கள் தாவும் திறனையும் வலிமையையும் விரைவாக மீட்டார்கள், வலியும் குறைவாக இருந்தது. மறுபக்கம், இங்கிலாந்தின் தொழில்முறை ரக்பி லீக் வீரர்களிடம் நிஜப் போட்டிக்குப் பின் சோதித்தபோது எந்தப் பயனும் தெரியவில்லை. நீர்ப்பந்து வீரர்களிடமும் தெரியவில்லை. நீருக்குள் தசை நீண்டு சுமை தாங்கும் வேலை குறைவு என்பதால் அதில் வியப்பில்லை. கபடியில் தரையில் மோதி விழும் அடிகளும் உண்டு என்பதால் ரக்பி முடிவை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். 2021-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் வந்தடைந்த முடிவு, வலியில் சிறிய பயன், வலிமை மீள்வதில் நடுத்தரப் பயன் என்பதாகும்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது பலர் தாண்டிச் செல்லும் ஒரு குறிப்பு உண்டு, என் பார்வையில் அதுதான் முக்கியமானது. பல ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் அந்த நாள்களில் பழம், காய்கறி, தேநீர், காபி போன்ற நிறமிச்சத்து மிகுந்தவற்றைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். செர்ரியின் விளைவைத் தனித்துக் காண அது தேவையான ஏற்பாடு. ஆனால் அது எழுப்பிய கேள்வி, பழமும் காய்கறியும் உண்ணாதவர்களுக்குச் செர்ரி உதவுமா என்பதாகிவிடுகிறது. கேழ்வரகுக் களியும் கீரையும் கத்தரிக்காயும், பருவத்தில் நாவல் பழமும் உண்பவருக்கு அதே அளவு வேறுபாடு தெரியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உடனே நாவல் பழமே செர்ரிக்கு மாற்று என்றும் நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் ஆந்தோசயனின் உண்டு என்றாலும் வகைகள் வேறு. செர்ரியைச் சோதித்த முறையில் எவரும் நாவலைச் சோதிக்காமல் அப்படிச் சொன்னால் அதுவும் ஜிம் பேச்சாகிவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. பயிற்சியால் உண்டாகும் சிறு அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் முழுக்கத் தீயவை அல்ல. தசை தன்னை வலுப்படுத்திக்கொள்ளத் தூண்டும் செய்தியே அவைதான். 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களிடம் நான்கு வாரப் பயிற்சியின்போது வைட்டமின் சி 1,000 மி.கி.யும் வைட்டமின் இ 400 அலகும் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வரவேண்டிய முன்னேற்றமே அவர்களுக்கு வரவில்லை. அது வைட்டமின், இது பழம் என்பது உண்மைதான். ஆனாலும் பயிற்சிக் காலம் முழுவதும் அழற்சியை அடக்கும் பொருளைத் தினசரி எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மார்கழியில் அணிக்குத் தயாராகும்போது வலிக்கட்டும். அந்த வலி முதலீடு. மாட்டுப் பொங்கலையொட்டி விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் நான்கைந்து ஆட்டம் ஆடி, மறுநாள் காலை அரையிறுதிக்கு இறங்க வேண்டிய நிலையில்தான் ஒரு நாள் முன்னதாகத் தசை மீள்வதற்கு விலை உண்டு.

அத்தகைய போட்டிக்கு எடுப்பதானால் முறை இதுதான். வலி வந்தபின் குடிப்பதால் பெரிதாகப் பயன் கிடையாது. வெற்றி கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் போட்டிக்கு நான்கைந்து நாள் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் இரண்டு நாள் தொடர்ந்தவை. அளவு, கெட்டிச்சாறு என்றால் 30 மி.லி. தண்ணீரில் கலந்து காலையும் மாலையும். சாதாரணச் சாறு என்றால் வேளைக்கு 240 முதல் 350 மி.லி. வரை. 30 மி.லி. கெட்டிச்சாற்றுக்கு ஏறத்தாழ 90 முதல் 100 பழங்கள் தேவைப்படும். கேப்சூலிலும் ஆய்வு இல்லாமல் இல்லை. உறைநிலையில் உலர்த்திய தோல்பொடியை நாளுக்கு 480 மி.கி. கொடுத்த ஆய்வுகளில் சிறிது பயன் தெரிந்தது. ஆனால் உங்கள் புட்டியில் உள்ள பொடி அதே வகையா என்பதை அதன் மேலுள்ள மில்லிகிராம் எண் காட்டாது, ஏனெனில் எடை வேறு, அதிலுள்ள ஆந்தோசயனின் அளவு வேறு. இனப்பெயர் அச்சிடப்படாமல் செர்ரி என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பழத்தின் பொடி என்றே தெரியாது. வயிற்றையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்: செர்ரியில் சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் உள்ளது, பழகாத வயிற்றை அது இளக்கிவிடும், போட்டி நாளன்று முதன்முறையாகக் குடிப்பது வம்பு.

மாவட்ட, மாநில அணிகளுக்குச் செல்லும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு எச்சரிக்கை. டார்ட் செர்ரியும் சரி, மெலடோனினும் சரி, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் துணை உணவுப் புட்டிகளில் அச்சிடப்படாத பொருள் கலந்திருந்து வீரர் மாட்டிக்கொள்வது உலகெங்கும் நடக்கிறது. சிறுநீரில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு வீரரையே சாரும் என்பதுதான் விதி. ஜிம்மில் கொடுத்தார்கள் என்று சொல்வது விசாரணையில் எடுபடாது.

உறக்கத்துக்குச் செர்ரி உதவும் என்ற பேச்சின் வேர் மெலடோனின். இருட்டியபின் மூளையில் சுரந்து இரவாகிவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் இந்த ஹார்மோன் மான்ட்மொரன்சி செர்ரியில் இருப்பதை 2001-இல் கண்டறிந்தார்கள். ஒரு கிராம் பழத்தில் சுமார் 13 நானோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 மி.கி. மெலடோனின் மாத்திரையில் உள்ள அளவைப் பழத்திலிருந்து பெற வேண்டுமானால் இருநூறு கிலோவுக்கு மேல் செர்ரி தேவைப்படும். ஆகவே செர்ரி என்பது இயற்கையான மெலடோனின் மாத்திரை என்ற விளம்பரம் எண்ணிக்கையில் நிற்காது. ஆனாலும் உறக்க ஆய்வுகள் முற்றிலும் வெறுமையாகவும் இல்லை. 2012-இல் ஆரோக்கியமான 20 பேர் ஏழு நாள் கெட்டிச்சாறு குடித்தபோது உறக்கம் சுமார் அரை மணி நேரம் கூடியது. 2018-இல் அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த, நீண்டகால உறக்கமின்மை உள்ள எட்டுப் பேரிடம் இரண்டு வாரச் சாறு, மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனையில் 84 நிமிடக் கூடுதல் உறக்கத்தைக் காட்டியது. அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம், செர்ரியிலுள்ள புரோசயனிடின் என்னும் சேர்மம் டிரிப்டோபான் சிதைவதைத் தடுத்து, உறக்கத்துக்குத் தேவையான மூலப்பொருளை உடலில் மிச்சப்படுத்துகிறது என்பது. எட்டுப் பேர் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2010-இல் முதியவர்கள் 15 பேரிடம் செய்த ஆய்வு இதைவிட மிதமான பயனையே கண்டது. உறக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை முதலியவற்றின் அளவுக்கு இது வராது என்று அதை நடத்தியவர்களே எழுதினார்கள்.

தம்பி, இவர்கள் அனைவரும் இரவில் உறங்க முயன்றவர்கள். நீங்கள் உறங்க முயல்வதோ காலை ஒன்பது மணிக்கு. இரவு ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் கம்பெனி பேருந்தில் வரும்போது, வண்டி கிழக்குமுகமாக வருவதால் இளஞ்சூரியன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நேரே கண்ணில் அடிக்கிறது. விடிந்துவிட்டது, மெலடோனினை நிறுத்து என்று உடலுக்குச் சொல்ல அதைவிட வலுவான கட்டளை கிடையாது. அத்தனை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்தபின் சில மைக்ரோகிராம் மெலடோனினை விழுங்குவது, மதகைத் திறந்துவிட்டுக் குடத்தால் ஏரியை நிரப்பும் வேலை. பேருந்தில் ஏறியதும் அடர்ந்த கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வண்டி ஓட்டி வருபவராக இருந்தால் மட்டும் அது கூடாது. அறைச் சன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, வீட்டாரிடம் பகல் இரண்டு மணி வரை எழுப்பக் கூடாது என்ற சொல், இவை எல்லாம் சேர்ந்தாலும் 1,800 ரூபாய் ஆகாது.

தேநீரைப் பற்றியும் கேட்க வேண்டும். இரவு ஷிப்டில் விடியற்காலை ஐந்து மணித் தேநீர் ஏறக்குறைய கட்டாயச் சடங்கு. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. காஃபீனே உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெட்டியதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு கோப்பைத் தேநீரில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்றாலும், இரவெல்லாம் ஐந்தாறு கோப்பை குடிப்பவருக்குக் கணக்கு அதில் பாதியை எட்டிவிடுகிறது. கடைசிக் கோப்பையை இரவு இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். என்னிடம் வந்த ஷிப்ட் தொழிலாளர்கள் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

உறக்கம் நான்கு மணி நேரமாக இருக்கும்வரை தசை வலி மூன்று நாள் நீடிப்பதற்கும் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. புரதத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் என்று வைத்தால், 65 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். நூறு கிராம் கேழ்வரகு மாவில் ஏழு கிராம் அளவுக்குத்தான் புரதம் உண்டு. களியை மட்டும் நம்பினால் எட்டாது. அதோடு சேரும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொள்ளும், நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம் தரும் நிலக்கடலையும், முட்டையும்தான் அந்தக் கணக்கைத் தாங்குகின்றன.

அப்பாவைப் பற்றிய கேள்விக்குத் தனியாக விடை சொல்ல வேண்டும். கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவலி உள்ள 633 பேரை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், செர்ரி உண்ட இரண்டு நாள்களில் வலித் தாக்குதல் 35 விழுக்காடு குறைவாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அது அவர்கள் உண்டதையும் வலி வந்ததையும் பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வு மட்டுமே, செர்ரிதான் காரணம் என்று அது நிறுவாது. பின்னர் கவுட் நோயாளிகளிடம் கெட்டிச்சாற்றை வெவ்வேறு அளவுகளில் 28 நாள் கொடுத்துச் சோதித்தபோது யூரிக் அமிலம் குறையவில்லை. கெட்டிச்சாறு ஒருவேளைக்கே 20 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கொண்டது. இருவேளை என்றால் சர்க்கரை நோயாளிக்கு அது சிறிய தொகையன்று. கேப்சூலில் சர்க்கரைச் சிக்கல் இல்லை என்றாலும், கவுட்டும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பவருக்குச் சிறுநீரகம் எந்த நிலையில் உள்ளது என்று பார்க்காமல் நான் எதையும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். கிரியாட்டினின் பரிசோதனை செய்து ஆறு மாதமாகியிருந்தால் முதலில் அதைச் செய்துகொள்ளட்டும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ஆலோபியூரினால் போன்ற மாத்திரை ஏற்கெனவே எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால், செர்ரியை நம்பி அதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. புட்டியின் முத்திரை உடைபடாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். உடைத்துவிட்டீர்கள் என்றால் இனப்பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் பொங்கல் போட்டிக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அது போக வேண்டாம்.